நான் கேட்காத பெயர்

கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு ஒன்றும் இல்லை. ஏழாவது மாதத்தில் எடுத்ததில் இருந்தது. இடையில் நான் போய்வந்த இடங்கள் சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகமும், தாயில்பட்டியில் எங்கள் வீடும், செக்கப்புக்குப் போகும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து நின்ற கரு என்பதால் அச்சகத்தில் என்னை மாடிப்படிகூட ஏற விடமாட்டார்கள்.

என் அம்மாவுக்கு நான் இதை எழுதுவதில் சம்மதமில்லை. சர்க்கரை, பிரஷர் என்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லலாம், இதைப் போய் யாராவது சொல்வார்களா என்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒரு அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து எழுந்துபோன ஒருத்தியின் பேச்சு எனக்குத் தேவைப்பட்டது. யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். எங்கள் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அன்றைக்குச் சுகாதார நிலையத்தில் சிஸ்டர் என்னை வரிசையிலிருந்து தனியாகக் கூப்பிட்டார். இரத்தத்தில் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது, விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். குரலில் பதற்றம் எதுவும் இல்லை. ஆனால் கடைசியில், “வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, கட்டாயம் அவுகளும் வரணும்” என்று சொன்னபோதுதான் இது வேறு ஏதோ என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைக்கு ஏதாவது என்றால் என்னை மட்டும் போகச் சொல்லியிருப்பார்கள்.

என் கணவர் கருப்பசாமி லோடு வண்டி ஓட்டுகிறவர். யூனிட்டுகள் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைகளிலிருந்து பெட்டிகளை ஏற்றிச் சிவகாசி டிரான்ஸ்போர்ட் குடோன்களில் இறக்குவார். தீபாவளி சீசனில் மட்டும் லாரியில் வடக்கே போவார். கல்யாண ஆர்டர் ஏதாவது வந்தால் நடுவிலும் ஒரு நடை போவதுண்டு. மறுநாள் காலை அவருடைய வண்டியிலேயே விருதுநகர் போனோம். வழியெல்லாம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குத் தெரிந்தே அப்படிச் சொன்னாரா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். தெரிந்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எங்களை அனுப்பிய அறையின் கதவில் பால்வினை நோய்ப் பிரிவு என்று எழுதியிருந்தது. வெளியே நீளமான சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எதிரே மருந்து வாங்கும் இடம் இருந்ததால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடினேன். கர்ப்பிணியை அங்கே பார்த்தால் இரண்டு தடவை பார்ப்பார்கள் என்று தோன்றியது.

திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள், அவருக்கும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அதே பெஞ்சு. பிறகு ஜெயந்தி மேடம் உள்ளே கூப்பிட்டார். அந்தப் பிரிவில் ஆலோசனை சொல்பவர் அவர். அருப்புக்கோட்டைக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. எச்.ஐ.வி. இருவருக்குமே இல்லை என்பதை முதலில் சொன்னார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். இருவருக்கும் சிபிலிஸ் இருக்கிறது. நம்மூர்ப் பக்கம் மேகநோய், கிரந்தி என்று சொல்வது இதைத்தான்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இது ஒரு கிருமி. உடலுறவில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். முதலில் வலியே இல்லாத ஒரு புண் வரும், தானாகவே ஆறிவிடும். ஆறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வரும், அவையும் மறைந்துவிடும். நோய் மட்டும் உள்ளே தங்கிவிடும். கர்ப்பிணியிடம் இருந்தால் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகலாம். பிழைத்தாலும் எலும்பு, கண், காது, மூளை எதையாவது தாக்கலாம். இரத்தத்தைப் பாதி பாதியாக நீர்க்க வைத்துக்கொண்டே போய், எதுவரை நோயின் அடையாளம் தெரிகிறது என்று பார்ப்பார்களாம். எனக்கு ரொம்பவும் நீர்த்த பிறகும் தெரிந்தது. அப்படியென்றால் நோய் புதிது, வீரியமாக இருக்கிறது. பெனிசிலின் ஊசிக்கு அது கட்டாயம் அடங்கும், என்னைக் காப்பாற்றிவிடலாம் என்றார். பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். சீக்கிரம் போட்டுவிடுவோம் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஐந்தாவது மாதம் நடந்த சித்திரையில் கருப்பசாமியின் உள்ளங்கையில் செம்புள்ளிகள் இருந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பட்டாசு மருந்துத்தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மருந்துக்கடையில் களிம்பு வாங்கி நானேதான் தடவிவிட்டேன். எங்கள் பக்கத்தில் கையில் தடிப்பு வந்தால் யாரும் வேறு எதையும் நினைக்கமாட்டார்கள்.

ஜெயந்தி மேடம் எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, வேறு யாரோடாவது உறவு உண்டா என்று கேட்டார். என்னிடம் கேட்டபோது கேள்வி முடிவதற்குள் அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதை எல்லாரிடமும் கேட்போம், உன்னை மட்டும் கேட்கவில்லை என்றார். பிறகு கருப்பசாமி உள்ளே போய் வந்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“வடக்க போனப்ப ஒரு தடவ தப்பு நடந்துபோச்சு.”

எழுந்து அடிக்கத் தோன்றவில்லை, கத்தத் தோன்றவில்லை. வயிற்றில் பிள்ளை புரண்டது. அதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது.

ஊசியை அன்றைக்கே போட்டார்கள். முதலில் கையில் கொஞ்சமாகப் போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும். மருந்து கெட்டியானது, உள்ளே இறங்கும்போது ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது போல் இருக்கும். அவருக்கும் போட்டார்கள். அவர் நொண்டிக்கொண்டே வெளியே வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் நிறைவாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஏழு மாதம் தாண்டியவள் என்பதால் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. பிரசவ வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். காரணம் சாயங்காலம்தான் புரிந்தது. முதலில் குளிர் எடுத்தது. பிறகு பல் கிட்டிக்கொள்கிற அளவுக்கு நடுக்கம், காய்ச்சல், தலையைப் பிளக்கிற வலி. மருந்து பட்டதும் கிருமிகள் கூட்டமாகச் சாகும், அவற்றிலிருந்து வெளிவரும் நஞ்சால் முதல் நாள் இப்படி வரும் என்று டூட்டி டாக்டர் சொன்னார். நல்லதுக்குத்தான் வருகிறதாம். ஆனால் அந்த நடுக்கத்திலேயே வயிறு கல்லாகத் திரண்டு இளகியது, மறுபடி திரண்டது. அது முடிந்த பிறகு பிள்ளை அசையவில்லை.

அசையவில்லை என்று நான் சொன்னதும் சிஸ்டர் ஓடிவந்து வயிற்றில் கருவியை வைத்தார். இடது பக்கம் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கீழே நகர்த்தினார். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. என் பக்கத்தில் நின்ற அம்மா என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. சிஸ்டர் கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு வலது பக்கம் அழுத்தினார். அங்கே கேட்டது. குதிரை ஓடுகிற மாதிரி வேகமாக, ஆனால் விடாமல். டாக்டர் வந்து கருவியைப் பட்டையால் வயிற்றோடு கட்டிவிட்டார். விடியும்வரை அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அது நிற்கக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. புருஷன், ஊர், மானம் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு இல்லை.

காலையில் பிள்ளை உதைத்தது. அம்மா முகம் கழுவப் போகிறேன் என்று போய் ரொம்ப நேரம் வரவில்லை.

இரண்டாவது ஊசி ஒரு வாரம் கழித்து. அதுவரை வார்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அம்மா எல்லாரிடமும் எனக்குச் சர்க்கரை என்று சொல்லி வைத்தாள். அதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் மல்லாங்கிணற்றுக்காரப் பெண் ஒருத்தி, இரட்டைப் பிள்ளைக்காரி. அவளுக்கு வீட்டிலிருந்து வரும் பருத்திப்பாலில் எனக்குக் கருப்பட்டி போடாமல் தனியாக ஒரு டம்ளர் எடுத்து வைப்பாள். சப்பென்று இருக்கும். நான் முகம் சுளிக்காமல் குடிப்பேன்.

சர்க்கரை என்ற கதை என் அண்ணன் காளிராஜிடம் செல்லவில்லை. அவன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு யூனிட்டில் போர்மேன். என்னைப் பார்க்க வந்தபோது கருப்பசாமி அந்தப் பிரிவின் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டான். விசாரிக்காமலேயே எல்லாம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டான் என்று மல்லாங்கிணற்றுக்காரியின் மாமியார் வந்து சொன்னாள். நான் எழுந்து போவதற்குள் காவலாளி விலக்கிவிட்டிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டர் தமிழரசி வந்தார். மதுரைக்காரர், சின்ன வயது. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, நோய் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். ஜெயந்தி மேடத்தின் அறையில் எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து லேப்டாப்பைத் திருப்பினார்.

திரையில் புள்ளிகளும் கோடுகளும். நோய் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் நீலம். ஒரு பெயர்கூட இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள், கோடு இருந்தால் அந்த இரண்டு பேருக்குள் உறவு இருந்திருக்கிறது என்று அர்த்தம் என்றார். கொஞ்ச மாதமாக எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிகள் சிலருக்கு இதே நோய் வந்துகொண்டிருக்கிறதாம். லாரி ஓட்டுகிறவர்கள் வெளியூரிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்று நினைத்து, நான்குவழிச் சாலையில் முகாம் போட்டு டிரைவர்களுக்குப் பரிசோதனை செய்தார்களாம். ஆனாலும் குறையவில்லை.

“எல்லா உறவையும் யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால சொல்லாத கோடுகளக் கம்ப்யூட்டரையே போடச் சொல்லுவோம்” என்றார். விதவிதமாகப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றிலும் நோயை ஓடவிடுவார்களாம். எந்தப் படத்தில் பரவுகிற விதம் நிஜத்தில் நடந்ததோடு ஒத்துப்போகிறதோ, உண்மை அதற்குப் பக்கத்தில் இருக்கும். எல்லாம் வெளியூரிலிருந்து வந்தது என்று போட்டால் ஒத்துப்போகவில்லை. வெளியே போகாதவர்களுக்கும் வந்திருக்கிறது, வந்த காலமும் பொருந்தவில்லை. இங்கேயே நடுவில் ஒரே ஒரு ஆள் இருப்பதாகப் போட்டால் பொருந்துகிறது. தனித்தனியாக இருக்கும் இரண்டு கூட்டத்தை அந்த ஆள் இணைக்கிறார். அவருக்கு நிறையப் பேரோடு உறவு இருக்க வேண்டியதில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பக்கம் இருந்தாலே போதும்.

திரையில் ஒரு பட்டனை அழுத்தினார். ஓரத்தில் இருந்த பல புள்ளிகளுக்கு வைத்தியம் செய்ததாகக் காட்டினார். சிவப்பு கொஞ்சம் அடங்கி மறுபடி பரவியது. பிறகு நடுவில் யாரென்று தெரியாமல் வெறும் வளையமாக இருந்த ஒரே ஒரு ஆளுக்கும், அவரோடு கோடு இருந்தவர்களுக்கும் மட்டும் வைத்தியம் செய்ததாகக் காட்டினார். படம் மெல்ல மெல்ல நீலமாகியது.

அவர் எங்கள் இரண்டு பேரில் யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டார். “பட்டாசு யூனிட்ல ரூமுக்கு ரூம் எதுக்கு எடம் விட்டுக் கட்டுறாங்க?”

கருப்பசாமி சொன்னார். “ஒண்ணு பத்துனா இன்னொண்ணுக்குத் தாவக் கூடாதுன்னு.”

“அதேதான். தாவுற எடத்த மட்டும் அடைச்சாப் போதும்.”

இது கணக்குதான், தப்பாகவும் இருக்கலாம் என்பதையும் டாக்டர் சேர்த்துச் சொன்னார். அந்த ஆள் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை, தனக்கு நோய் இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். யார் என்று ஆஸ்பத்திரியில் தங்களுக்குத் தெரிந்தால் போதும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். யார் மூலமாகத் தெரிந்தது என்பது அவருக்கும் போகாது என்றார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. என் கணவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். வடக்கே நடந்தது என்று சொன்னது பொய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தூரத்தில் முகம் தெரியாத ஒருத்தி என்றால் நான் பொறுத்துக்கொள்வேன் என்று நினைத்திருக்கிறார். இப்போது முகம் தெரிந்த யாரோ. எங்கள் ஊரில், ஒருவேளை எங்கள் தெருவில். நான் யாருக்கெல்லாம் வீட்டுக்குள் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு முகமாக நினைவில் வரத் தொடங்கியது. நிறுத்தவே முடியவில்லை.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஜெயந்தி மேடம் தடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நான் நடந்துகொண்டிருந்தேன். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். காளிராஜ் வந்தான். அவன் கையில் இருந்தது கருப்பசாமியின் செல்போன். அவர் அதை வண்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்து வந்திருக்கிறான்.

“யாருன்னு பாத்துருவோம், தொறந்து குடு. உனக்குத் தெரியும்ல.”

தெரியும். பூட்டைத் திறக்கும் கோடு என் விரலுக்குப் பழக்கம். அந்தப் போனில்தான் நாங்கள் சேர்ந்து படம் பார்ப்போம். நான் கையில் வாங்கினேன். வாங்காமல் இருந்திருக்கலாம், ஆனால் வாங்கினேன். திரையில் விரலை வைத்துப் பாதிவரை இழுத்துவிட்டேன். இன்னும் இரண்டு புள்ளி தொட்டால் போதும், எல்லா முகமும் போய் ஒரு முகம் மட்டும் மிஞ்சும். அந்த நிம்மதி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லி முடியாது.

விரலை எடுத்தேன். திரை அணைந்தது.

“பேரு தெரிஞ்சா நீ என்னண்ணே பண்ணுவ?”

“என்ன பண்ணுவேனா? ஊர்ல தல காட்ட முடியாமப் பண்ணிருவேன். ஓட வச்சிருவேன்.”

“அதத்தான் பண்ணக் கூடாது. ஓடுனா ஊசி போட வர மாட்டாக. போற எடத்துல இன்னொருத்தி வயித்துப் புள்ளைக்கு வரும். இங்கனயும் மிச்சப்பேரு பயந்து ஒளிஞ்சுக்கிருவாக.”

“அப்ப உன் மனசுக்கு?”

“என் மனச நான் பாத்துக்கிருதேன். நீ இத எங்கன எடுத்தியோ அங்கனயே வச்சிரு.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். யூனிட்டில் தீ விபத்து என்றாலும் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வெளியே வருகிறவன், எதற்கும் அசையாதவன் என்று பெயர். கண் கலங்கியதை மறைக்க மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் கருப்பசாமியிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் கொண்டுவந்து தந்தான், நான் திறக்கவில்லை என்றேன். எனக்குப் பெயர் வேண்டாம், எப்போதும் கேட்கமாட்டேன், ஆனால் ஜெயந்தி மேடத்திடம் சொல்லியே ஆகவேண்டும் என்றேன்.

“வடக்கன்னு சொன்னது பொய்” என்றார்.

“தெரியும். போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் அந்த அறைக்குள் போனார். நான் அதே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முந்தானையை இழுத்து மூடவில்லை, மூட மறந்துவிட்டது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, ஒரு சொல்லும் புரியவில்லை. புரிந்துவிடக் கூடாது என்று பெஞ்சின் அந்தக் கடைசிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது அவர் முகம் காய்ச்சலில் விழுந்தவர் போல இருந்தது. ஜெயந்தி மேடம் வாசலில் நின்று என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. இந்தத் தடவை நடுக்கம் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், தேதிக்கு முன்னதாகவே பனிக்குடம் உடைந்துவிட்டது. மறுபடி விருதுநகர். பெண் பிள்ளை. சின்னதாக இருந்தாள். பிறந்ததும் அழுதாள். சிஸ்டர் என் முகத்தருகே காட்டிவிட்டு உடனே பச்சைக் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

பிள்ளைக்கு இரத்தம் எடுத்தார்கள், கை கால் எலும்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டபோது நான் பேனாவை வாங்கவில்லை. கருப்பசாமி கையெழுத்துப் போட்டார். கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே அவள் வீறிட்டது கேட்டது. திடீரென்று சத்தம் நின்றது. நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது. சிஸ்டர் வந்து, முடிந்துவிட்டது, தூங்குகிறாள் என்றார்.

முடிவுகளில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஊசி போட்டு ஒரு மாதம் ஆவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டதால், மருந்து அவளை முழுதாகக் காப்பாற்றியிருக்கும் என்று நம்பி விட்டுவிட முடியாதாம். அதனால் அவளுக்கும் பத்து நாள் பெனிசிலின், நரம்பு வழியாக. பிறந்த பிள்ளைக்கு நரம்பு கிடைப்பது லேசான காரியமில்லை. கையில் கிடைக்காமல் காலில், காலில் வீங்கியதும் நெற்றியோரத்தில். காளிராஜ் தினமும் வேலை முடிந்து வந்துவிடுவான். ஊசி நேரம் வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான், அந்த அழுகையைக் கேட்க அவனால் முடியாது. எனக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் மதினி கொடுத்துவிடுவாள். அவன் மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கொண்டுவருவான், ஆனால் தூக்குவாளியை என்னிடம்தான் தருவான். அவரோடு முகம் கொடுத்துப் பேச அவனுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

அந்தப் பத்து நாளும் பால் கொடுக்கப் போகும்போது பால்வினை நோய்ப் பிரிவைத் தாண்டித்தான் போகவேண்டும். பெஞ்சில் முன்னைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். துண்டால் முகத்தை மூடியவர்கள், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தவர்கள். யூனிட் வேனில் வருகிறவர்களின் பேச்சு காதில் விழும். கம்பெனி, லோடு, லீவு. எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகினேன். ஒரு நாள் எனக்குத் தெரிந்த குரல் ஒன்று, “ஈஸ்...” என்று என் பெயரைச் சொல்ல வந்து பாதியில் நின்றுவிட்டது. என் கால் தானாக நின்றது. திரும்பிப் பார்க்க ஒரு கணம்தான் ஆகும். என்னிடம் ஏதாவது சொல்ல வந்த ஆளா, வாய் தவறிக் கூப்பிட்ட ஆளா, எதுவும் எனக்குத் தெரியாது. என் பிள்ளை உள்ளே பசியில் இருந்தாள். நான் திரும்பாமல் நடந்தேன். அந்தக் குரல் யாருடையது என்று யோசிக்காமல் இருப்பதுதான் பிரசவ வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நானும் பிள்ளையும் அம்மா வீட்டில்தான் பல மாதம் இருந்தோம். அவர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். மறுபடி நோய் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஜெயந்தி மேடம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டோம். என் இரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. பிள்ளைக்கு என்னிடமிருந்து போன அடையாளம் கொஞ்ச காலம் அவள் இரத்தத்தில் இருக்கும், அது நோய் இல்லை, கரைந்துவிட வேண்டும் என்றார்கள். கரைகிறதா என்று பார்க்க அடிக்கடி வரச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஆறு மாதம் ஆனபோது எடுத்ததில் ஒன்றும் இல்லை. டாக்டர் தமிழரசி அன்று அங்கே இருந்தார். பிள்ளையை வாங்கிக் கொஞ்சினார். நானாகத்தான் கேட்டேன், மற்ற கர்ப்பிணிகள் எப்படி இருக்கிறார்கள் என்று. புதிதாக வருவது குறைந்துகொண்டே போகிறது என்றார். தங்கள் கணக்கினால்தான் என்று அடித்துச் சொல்ல இன்னும் காலம் வேண்டும், ஆனால் கணக்கு காட்டிய திசையில்தான் போகிறது என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று கருப்பசாமியின் வண்டியில்தான் திரும்பினோம். சிவகாசியைத் தாண்டி ரோட்டில் கூட்டம் குறைந்தது. பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெயர் கேட்கமாட்டேன் என்று சொன்ன சொல்லை அந்த நாள்வரை காப்பாற்றியிருந்தேன். அதை மீறாமல் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று மட்டும் பாக்கி இருந்தது.

“அவுகளுக்கு ஊசி போட்டாச்சா?” என்றேன்.

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்.

“போட்டுக்கிட்டாக. இப்ப நல்லா இருக்காக.”

எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதை கொடுத்துச் சொன்னால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவர் அந்த மரியாதையைக் கொடுத்துத்தான் சொன்னார். அது எனக்கு வலித்தது. ஆனாலும் அந்த ஆள் நன்றாக இருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தது.

நல்லது என்றேன். பிள்ளை விழித்துச் சிணுங்கினாள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பால் கொடுத்தேன். அவர் கீழே இறங்கி நின்று, நான் கூப்பிடும்வரை காத்திருந்தார்.